சோமாசிபாடியில் நிற்கும் வண்டி

பரசுராமன் ஸ்கூட்டர் வாங்கிவிட்டான் என்று பே கோபுரத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. அவன் பெண்டாட்டி சந்திரகலா மட்டும் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“இன்னாங்க இது? ஸ்கூட்டர்னு சொன்னீங்க. இது ஸ்கூட்டர் போட்ட குட்டியா?”

அவள் சொன்னதும் பொய்யில்லை. சின்ன எஞ்சின், சின்னச் சக்கரம், சீட்டுக்கு முன்னால் தொப்புள் மாதிரி ஒரு பெட்ரோல் மூடி. வடக்கே எங்கேயோ ஒரு கம்பெனி கொஞ்ச நாள் செய்துவிட்டுக் கடையைச் சாத்திய ரகம். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இருந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் ஊருக்குத் திரும்பும்போது அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. அப்போதெல்லாம் புது ஸ்கூட்டருக்குப் பதிந்துவைத்தவன் கல்யாணத்துக்கு வரவேண்டிய வண்டி அவன் பிள்ளையின் காதுகுத்துக்குத்தான் வரும். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது கிடைத்ததே பெரிசு. ஆனால் சந்திரகலா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்குவதற்குப் பதில் அண்ணாமலையார் மலையை நகர்த்திவிடலாம்.

இத்தனைக்கும் வண்டி அவளுக்காகத்தான் வந்தது. கீழ்பென்னாத்தூருக்கும் உள்ளே நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் மாதர் சங்கத் தையல் பள்ளி. அதில் அவள் தற்காலிக டீச்சர். பஸ் பிடித்து இறங்கி நடந்து போய்ச் சேருவதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடும். பள்ளியோ ஒன்பது மணிக்கு. மேற்பார்வை பார்க்கிற ரேணுகாம்பாள் கறாரான மனுஷி. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“தீபாவளி முடிஞ்ச வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். ஒம்போது மணிக்கு நீ மிஷின் எதிர்ல இருந்தா வேலை நிரந்தரம். இல்லன்னா அந்த ஊர்லியே ஒரு பொண்ணு தைக்கக் கத்துக்கினு காத்துக்கினு இருக்குது.”

கல்யாணமான நாள் முதல் தெருப் பெண்களின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போனவள் சந்திரகலா. டீச்சரம்மா என்று நாலு பேர் கூப்பிடுவது இப்போதுதான். அந்தப் பேரை விட்டுவிட அவள் தயாராக இல்லை. அதனால் குட்டியோ குதிரையோ, ஏறிக்கொண்டாள். ஏறுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள்.

“எவனோ வெள்ளைக்காரன் ஓட்டின வண்டி. ஒரு ஆயுத பூஜை பாத்திருக்குமா? ஒரு சூடம் பாத்திருக்குமா? தோஷம் கழியணும்.”

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, நடுநாயகமாக இருந்த பெட்ரோல் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். அதன் நடுவே குங்குமம். அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் தன் நெற்றிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. பழைய பொட்டைத் துடைப்பது கிடையாது. மேலேயே வைப்பாள்.

முதல் வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. ஆனால் மூடி ஓரத்தில் பெட்ரோல் கசிந்து புடவையெல்லாம் நாற்றம். சந்திரகலா விடுவாளா? செங்கம் ரோட்டில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் சாந்த் பாஷாவிடம் வண்டியைக் கொண்டுபோகச் செய்தாள். அவர் மூடிக்குப் புது ரப்பர் வாஷர் போட்டுக் கொடுத்தார். கசிவு நின்றது. மறுநாள் பள்ளிக்குப் போகிற வழியில் சோமாசிபாடி தாண்டும்போது வண்டியும் நின்றது.

நின்றது என்றால் சாதாரணமாக இல்லை. நாலு முறை இருமி, ஒரு முறை குலுங்கி, சவம் மாதிரி நின்றது. பரசுராமன் உதைத்தான். கிக்கர் அவன் கணுக்காலைத் திருப்பி உதைத்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த இருசப்பன் பாய்லரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். மூடியைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் இருக்கிறது. மூடிவிட்டு உதைத்தால், பிடித்துக்கொண்டது. அன்று சந்திரகலா போய்ச் சேரும்போது ஒன்பதரை.

மறுநாளும் சோமாசிபாடி. அதற்கு மறுநாளும் சோமாசிபாடி. இருசப்பன் பெஞ்சைத் துடைத்து வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தான். “டீச்சரம்மா, எங்க ஊரு கோயில் முருகனைக் கும்பிட நிக்குது போல வண்டி” என்றான். அவள் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. பரசுராமன் வண்டியைச் சரிபண்ணக் கிளம்பினான். அவன் சரிபண்ணினால் எப்படி இருக்கும்? முதலில் பிளக் மாற்றினான். பிறகு, சின்ன எஞ்சினுக்கு இழுவை போதவில்லை என்று சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வைத்தான். பிறகு பெரிய ஸ்கூட்டரின் கார்புரேட்டரைத் தேடி வேலூர் போய் வாங்கி வந்தான். அதோடு விட்டானா? சிவப்பு ரெக்ஸின் சீட்டு, பளபளவென்று இரண்டு கண்ணாடி, முன்னால் கம்பி வளைவு, கைப்பிடியில் தொங்குகிற கலர் நாடா, லாரி வருகிற மாதிரி ஒரு ஹாரன். மணமேடைக்குப் போகிற மாதிரி ஜோடித்துக்கொண்டு வண்டி சோமாசிபாடி வரை போகும், நிற்கும்.

“ஹாரன் மட்டும் நிக்காம அடிக்குது” என்றாள் சந்திரகலா பின்சீட்டில் இருந்து. “அந்த ஹாரன்லியே ஒரு சக்கரத்தக் கட்டி ஓட்டிடலாம். நீங்க, உங்க மூஞ்சி, உங்க வண்டி! மூணுக்கும் ஒரே புத்திதான்.”

சாந்த் பாஷாவையும் விட்டுவைக்கவில்லை. கொட்டகை வாசலில், நாலு லாரிக்காரர்கள் பார்க்க, அவரையும் பிடித்துக்கொண்டாள்.

“பாய், நீங்க கை வெக்கிற வரைக்கும் ஓடினு இருந்திச்சு. வெள்ளைக்காரன் ரெண்டு வருஷம் மலைய சுத்தினான், ஒரு நாள் நின்னிச்சா? உங்களுக்கு ரிப்பேர் பண்ணத் தெரியுமா, இல்ல ரிப்பேர் ஆக்கத்தான் தெரியுமா?”

சாந்த் பாஷாவுக்கு மீசை துடித்தது. ஆனால் அவர் எதிரே அந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. கொட்டகைக்கு வந்ததும் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பார், மூடுவார், உதைப்பார், பாடும். செங்கம் ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்ப்பார், நன்றாகப் போகும். வண்டி முழுக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்தச் சந்தனப் பொட்டை மட்டும் சுற்றி வளைத்துத் துடைத்துவிட்டு, பொட்டின் மேல் துணி படாமல் பார்த்துக்கொள்வார். சாமிக்கு வைத்ததில் எண்ணெய்க் கை படக்கூடாது என்பது அவருடைய மரியாதை.

“என்னாண்ட நல்லாத்தான் ஓடுது மா. சோமாசிபாடியில இன்னா கீதோ எனக்குத் தெரியல” என்றார். அவள் காறித் துப்பாத குறையாகத் திரும்பி நடந்தாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றும் நின்றது. பரசுராமன் இருசப்பன் கடையில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். வெயிலில் தனியாக நின்ற சந்திரகலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனுஷன் பெட்ரோலே ஊற்றவில்லையோ என்று ஒரு சந்தேகம். மூடியைப் பிடித்துத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே ஓடியது.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டில் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் விழும். எந்தப் பொம்பளைக்குத் தெரியாது இது? மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஊசிக்கண் அளவுக்கு ஒரு ஓட்டை. அடைந்திருந்தது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். மேல்பக்கம் இருந்து மஞ்சளாக ஒரு கட்டி பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதன் நடுவில் சிவப்பு.

அடிப் பாவி, என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சொன்னது அவள்தான்.

பழைய வாஷர் ஓரத்தில் கசிந்த வரைக்கும் காற்று அந்த வழியாகப் போயிருக்கிறது. அதையும் அடைக்கச் சொன்ன மகராசி யார்? அவளே. பிஸ்டன் மாற்றி, கார்புரேட்டர் மாற்றி, ஒருத்தன் கணுக்கால் வீங்கி, இன்னொருத்தர் பேர் தெருவில் நாறி, எல்லாம் அவளுடைய தோஷப் பொட்டால். முகம் பற்றி எரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. முந்தானையால் மூடியை அழுந்தத் துடைத்துத் திருகி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரசுராமன் வந்து உதைத்தான். பிடித்துக்கொண்டது.

“பாத்தியா? எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆறணும். அவ்ளோதான்.”

சந்திரகலா வாயைத் திறக்கவில்லை. எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள்! இப்போது நான்தான் காரணம் என்றால், இந்த மனுஷன் ஆயுசுக்கும் விடுவானா? மறுநாள் பொட்டு விளக்குக் கண்ணாடிக்கு மேலே போயிற்று. வண்டி நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. இருசப்பன் பெஞ்சில் உட்கார்ந்து ஏமாந்து பார்த்தான். பரசுராமனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“வேலூர் கார்புரேட்டர்! செட்டாவறதுக்கு நாள் ஆவும்னு சொன்னேன்ல? நீ கேட்டியா? பாய்கிட்ட இன்னா பேச்சுப் பேசின! அந்தாளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வரணும்டி நீ.”

“சரிங்க” என்றாள். அவன் ஹாரனைக் கூட விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சரிங்க என்று அவள் சொல்லி அவன் கேட்டதில்லை.

தீபாவளி போனது. அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சந்திரகலா விடிவதற்கு முன்னால் எழுந்து தலைக்குக் குளித்து, பிள்ளைகள் தைத்த கவுன்களை இஸ்திரி போட்டு மூட்டை கட்டினாள். அந்த அவசரத்தில் வண்டியை மறந்துபோனாள். பரசுராமன் மறக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக வண்டி வெறும் நெற்றியாக நிற்கலாமா? கோயிலிலிருந்து வந்திருந்த சந்தனத்தை எடுத்து, பெண்டாட்டி முதலில் வைத்துவந்த இடத்திலேயே, அவள் வைப்பதைவிடப் பெரிதாக, கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தான். அவளுக்காகத்தான் வைத்தான். அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். முன்னால் என்ன இருக்கிறது என்று எங்கே பார்த்தாள்?

சோமாசிபாடி. நாலு இருமல், ஒரு குலுக்கல்.

“வந்துட்டாங்கப்பா!” என்று இருசப்பன் பாய்லரிலிருந்து குரல் கொடுத்தான்.

பரசுராமன் முகம் வெளுத்துப்போயிற்று. இறங்கி, சீட்டைத் தூக்கி, ஸ்பேனரை எடுத்தான். “பயப்படாத சந்திரா. கார்புரேட்டர கழட்டி ஊதி மாட்டிடறேன். அரை மணி நேரத்துல முடிச்சுடுவேன்.”

அரை மணி. சந்திரகலா கண்ணில் ரேணுகாம்பாள் மிஷின் எதிரே நிற்பதும், அந்த ஊர்ப் பெண் உட்கார்ந்து மிதிப்பதும் தெரிந்தது. அப்போதுதான் பெட்ரோல் மூடியைப் பார்த்தாள். நெற்றிக்கண் மாதிரி அத்தனை பெரிய பொட்டு. பேசாமல் எப்படியாவது துடைத்துவிடலாமா என்று கை போயிற்று. அவன் மூடியின் மேலேயே குனிந்து நின்றுகொண்டிருந்தான். இருசப்பனும் கிளாஸைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றான். முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான் புருஷன்.

“அத கழட்டாதீங்க.”

“ஏன்?”

இத்தனை நாள் பேசின பேச்செல்லாம் ஒன்றொன்றாக எதிரே வந்து நின்றது. மூட்டையில் இருந்த கவுன்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“மூடியில காத்து போற ஓட்டை கீதுங்க. பொட்டு வெச்சு அடைச்சிருக்குது. கார்புரேட்டர்லாம் ஒண்ணுமில்ல. இத்தினி நாளா நான் வெச்ச பொட்டுதான் வண்டிய நிறுத்திச்சு. தீபாவளிக்கு முன்னியே எனக்குத் தெரியும்.”

பரசுராமன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். கணுக்கால் வீக்கத்தை ஒரு முறை குனிந்து பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

“ஊக்கு குடு.”

கொடுத்தாள். குத்தினான், ஊதினான், வேட்டி முனையால் துடைத்தான். ஒரே உதை. வண்டி குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு பிடித்தது. இருசப்பன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான்.

“ஏறுங்க டீச்சரம்மா” என்றான் பரசுராமன், தெருவுக்கே கேட்கிற குரலில். “இவ்ளோ நாள் நீ பேசின, நான் ஓட்டினேன். இனிமே நான் பேசறேன், நீ கேட்டுக்கினு வா. மொதல்ல ‘நீங்க, உங்க மூஞ்சி, உங்க வண்டி’ன்னு சொன்னியே, அங்கிருந்து ஆரம்பிக்கலாமா? சாயந்திரம் நேரா பாய் கொட்டகைதான். லாரிக்காரனுங்க இருக்கற நேரமா பாத்துப் போலாம்.”

அவள் ஏறிக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பேசினான். அதற்கு உள்ளே நாலு மைலும் பேசினான். அவள் மூட்டையை அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பது அடிக்கச் சிறிது நேரம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறங்கினாள். ரேணுகாம்பாள் அப்போதுதான் குடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நேரத்துக்கு வந்துட்டியே. இன்னா, மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது? வெயிலா?”

“ஆமாங்கம்மா” என்று சொல்லிவிட்டு, சந்திரகலா வேகமாகப் போய் மிஷின் எதிரே உட்கார்ந்துகொண்டாள். வாசலில் அந்த ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.