உடும்பின் மூடாத கதவுகள்

1

இந்தக் கதை ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது. என் வீட்டுச் சுவருக்கு வர்ணமடித்து முடித்த பெயிண்டருக்குக் கை கொடுத்தேன். அவர் என் கையை விடவில்லை. "கொஞ்சம் பொறுங்க சார், தானா விட்டுரும்" என்றார் கூச்சத்தோடு. பொறுத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. (நண்பர்கள் அவரை உடும்பு என்று கூப்பிடுவார்களாம். பின்னே?) மீதியெல்லாம் என் கற்பனை. கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவர் 'அவன்'.

2

முதல் தொடக்கம்: "தசைநார்களின் சவ்வில் புரதத்தால் ஆன அயனிக் கால்வாய்கள் எனப்படும்—"

வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது. தசையில் உப்பு நுழையும் நுண்ணிய கதவு என்றே சொல்லிவிடுகிறேன்.

உடும்புக்கு ஓர் அக்கா. ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தக் கதவுகளை அணு அணுவாகக் கணினியில் கட்டிப் பார்ப்பவள். நாம் கையை மடக்கும்போது கதவு திறந்து உப்பு உள்ளே வர வேண்டும். வந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். தம்பிக்குப் பல கதவுகள் மூடத் தாமதிக்கின்றன. அதனால்தான் பிடித்த பிடி விடுவதில்லை. (அப்பாவுக்கும் இதே கைதான். வழிவழியாக வருவது.) தன் மகள் பிறந்து ஒரு மாதமாகியும் அவன் அவளைத் தூக்கவில்லை.

"நசுக்கிட்டா என்னக்கா பண்றது?"

சரி, இதுதான் தொடக்கம்.

3

(அக்கா இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தால் நீங்கள் நம்புவீர்களா? ஒரு தப்புச் செய்ய வைக்கிறேன்.)

தம்பியின் கதவைக் கட்டி, சுற்றிலும் கொழுப்புச் சவ்வு வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, கணினியில் ஓட்டிவிட்டாள். கதவு ஆடாமல் அசையாமல் நின்றது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: கதவைத் தலைகீழாகச் செருகியிருக்கிறாள். உள்பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. தப்பென்று கணினி மூச்சே விடவில்லை. பக்கத்து மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

4

மறுபடி ஓட்டியதைக் காட்டத் தம்பியைக் கூப்பிட்டாள்.

திரையில் ஒரே ஓர் உப்புத் துகள். தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிவிட்டு, இடுக்கில் நுழைந்து, உள்ளே போயிற்று. கதவை அடைக்க வேண்டிய அடிப்பக்கத்து மூடி எழுந்தது, பாதியில் தயங்கியது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"இதுவாக்கா நானு?"

"உன்னோட ஒரு கதவுடா. இந்த மாதிரி கோடிக்கணக்குல இருக்கு. பாதி ஒழுங்காவே மூடுது."

உடும்பு திரையை நெருங்கி உட்கார்ந்தான். இத்தனை காலமும் அவன் தன் கை பூட்டிக்கொள்வதை மட்டுமே பார்த்தவன். திறப்பதை அவன் ஒரு நாளும் கவனித்ததில்லை.

"அப்போ இத்தனை கோளாறோட எப்படிக்கா கை தெறக்குது?"

"இத்தனை வருஷமா பாக்குறேன். எனக்கே இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு."

எழுதுகிற எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மறைப்பானேன்?

5

முடிவு ஒன்று: ஒரு மாத்திரை அந்தக் கதவில் கச்சிதமாகப் பொருந்தி— (அடித்துவிட்டேன். ஒரு கதவு ஆடியதற்கே மருந்து வந்துவிட்டது என்று எழுதினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: வீட்டுக்கு வந்ததும் உடும்பு உள்ளங்கைகளை விரித்து நீட்டுகிறான். அக்கா குழந்தையை அதில் வைக்கிறாள். அவன் ஒரு விரலையும் மடக்கவில்லை. குழந்தைதான் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கமாக. விடவில்லை.

"அக்கா, இவளும்—"

"எல்லாக் குழந்தையும் இப்படித்தான்டா பிடிக்கும்" என்கிறாள் அக்கா. ஆனால் அந்தக் குட்டி முஷ்டியை விட்டு அவள் கண் நகரவில்லை.

உடும்பு விரலை இழுக்கவில்லை.

"பொறுக்கிறேன்க்கா. எனக்கென்ன, பழக்கம்தானே."

அந்த முஷ்டி எப்போது திறந்தது என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் கையை ஒருமுறை இறுக மூடித் திறந்து பாருங்கள். திறந்ததா? இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.