அறுந்த குடல் தந்தி

ஜெர்மனியின் லைப்சிக் நகரக் காப்பிக்கடை ஒன்றில் அன்று மாலை பழைய நகைச்சுவை இசை நாடகம். வாத்தியங்களும் அந்தக் காலத்து வகைதான். சண்டைக்கார மனைவியாகப் பாடியவள் ஹென்ரிகே. வயலின் வாசித்தவன் அவளுடைய கணவன் ஃபோல்க்மார். அவள் நிஜமாகவே கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

பாதியில் அவனுடைய ஆட்டுக்குடல் தந்தி அறுந்தது. புதியதை மாட்டிச் சுருதி சேர்க்கும்வரை கூட்டத்தைச் சிரிக்கவைப்பது பாடுபவரின் பொறுப்பு.

"பழைய தந்தியை மாத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல விழுந்துச்சா, மரமண்டை?" என்றாள் ஹென்ரிகே.

ஃபோல்க்மார் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகியபடி, "சொல்றதுக்கு இப்போ வீட்டுல ஆளில்லையே, தாயே," என்றான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காதருகே குனிந்தாள்.

"நம்ம வீட்டுச் சாவியை அங்கேயே வச்சுட்டுப் போயிட்டேன். முடிஞ்சதும் எனக்காக நில்லு."

புதுத் தந்தி இன்னும் சுருதியில் நிற்கவில்லை. அதற்குள் அவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான்.