எட்டு கேன்களில் வந்த கடல்

ராசையாவைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் காலையில், ராயபுரம் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவனின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னால் எட்டு பால் கேன்கள், வாய்க்கு ஈரச்சாக்கு கட்டப்பட்டு வரிசையாக இருந்தன.

"ராசையா அண்ணாச்சி வீடு இதுதானே? நான் லியோனார்ட். தூத்துக்குடியிலேருந்து மீன் கொண்டாந்திருக்கேன்."

ராசையாவின் மனைவி தேவகிருபை வாசலுக்கு வந்தாள். "அவங்க இல்ல" என்றாள்.

"கடைக்குப் போயிட்டாவளா? எப்ப வருவாவ?"

அவள் உடுத்தியிருந்த வெள்ளைப் புடவையை அவன் அப்போதுதான் கவனித்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

ராசையா மீனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது யாருக்கும் நினைவில்லை. மாரடைப்பு வந்த இரவிலிருந்து ஊருக்குத் தந்தி அடிப்பதும் உறவினருக்குச் சமைப்பதுமாக நாட்கள் போயிருந்தன. கூடத்தில் நின்ற தொட்டியின் அடியைக்கூட, துக்கத்துக்கு வந்தவர்கள் செருப்பு வைக்கும் இடமாக்கியிருந்தார்கள்.

ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம். இரும்புச் சட்டத்தில் கனத்த கண்ணாடி பொருத்திய தொட்டி அது. ராசையா கருப்பட்டி, வத்தல் மொத்த வியாபாரம் செய்தவர். இளவயதில் தூத்துக்குடியில் சங்கு எடுக்கும் தோணிகளில் கணக்கெழுதப் போனபோது, அடியில் கண்ணாடி வைத்த பெட்டி வழியாகக் கடலுக்குள் பவளப் பாறைகளைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் அதை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். செங்கல் மேடை கட்டி, தொட்டியை ஏற்றி, கரைத் தண்ணீர் அழுக்கென்று கட்டுமரக்காரர்களிடம் சொல்லி ஆழத்திலிருந்து தண்ணீர் வரவழைத்தார். பாசியும் சிப்பியும் ஒட்டிய கற்களை அடுக்கினார். கற்கள் அழுகி, கூடமே ஒரு மாதம் நாறியது. பிறகு நாற்றம் போய்த் தண்ணீர் தெளிந்தது. "இனிமே மீன் வரலாம்" என்று அவர் சொன்ன வாரமே இறந்துபோனார்.

தேவகிருபைக்கு அந்தத் தொட்டி பிடித்ததே இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் சாயங்காலம் இருந்த ஒரே பேச்சுத்துணையும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் பேசத்தான் செய்தார். ஆனால் உப்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பவளத்தைப் பற்றியும். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "உம்" கொட்டுவாள். சில நாள் அதுவும் இல்லை.

கணவரின் அண்ணன் தேவப்பிரியம் உள்ளேயிருந்து வந்து கேன்களைப் பார்த்தார். "இதையெல்லாம் கடல்ல கொட்டிரச் சொல்லு கிருபை. தொட்டியையும் பிரிச்சிரலாம். வீட்டை ஒதுக்கிட்டு நீ நாசரேத்துக்கு வந்துரு. தனியா இந்த ஊர்ல என்ன செய்வ?"

"சரி அத்தான்" என்றுதான் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏனென்று தெரியாமல், ஒரு கேனின் சாக்கை விலக்கினாள். உள்ளே இருட்டில், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்ட நான்கு சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ராத்திரி முழுக்க ரயில்ல சைக்கிள் பம்பால காத்து அடிச்சிக்கிட்டே வந்தேம்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்காது" என்றான் லியோனார்ட்.

"இதுகளைத் தொட்டியில விட உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் பிடிக்கத்தாம்மா தெரியும். வளக்கதெல்லாம் அண்ணாச்சிக்குத்தான் தெரியும்."

அவள் கேனை மறுபடி எட்டிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "உள்ள தூக்கிட்டு வாங்க."

கேன்கள் கூடத்துக்கு வந்தன. தொட்டியைச் சுற்றிக் கிடந்த செருப்புகளைக் காலால் தள்ளினாள். தேவப்பிரியம் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

என்ன சொன்னார்? எத்தனையோ சாயங்காலம் சொன்னாரே. அரிசி முறத்தை நினைத்தாள். அதன் மேலே மிதந்து போன அவர் குரலை நினைத்தாள். *மீனோட ஊர்த் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணில்ல கிருபை. திடீர்னு மாத்துனா செத்துப் போகும். தம்ளர் தம்ளரா ஊத்திப் பழக்கணும்.*

சமையலறையிலிருந்து தம்ளர் எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு ஒவ்வொரு கேனிலும் ஒரு தம்ளர். எட்டாவது முடிந்ததும் மறுபடி முதல் கேன். லியோனார்ட் பம்பை அடித்தபடி இருந்தான். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது.

மீன்களோடு வந்த பவளத் துண்டுகளைக் காற்றில் காட்டக்கூடாது என்பது நினைவு வந்தது. அவற்றைத் தண்ணீரோடு அகன்ற சட்டியில் மாற்றி, சட்டியையே தொட்டிக்குள் இறக்கினாள். தோள்வரை புடவை நனைந்தது. பூ இதழ்போல் கைகளை விரிக்கும் உயிரான கடற்பூவை, அது ஒட்டியிருந்த கல்லோடு சேர்த்து, வெளிச்சம் விழும் பக்கமாக வைத்தாள். அது முஷ்டி போலச் சுருண்டே கிடந்தது.

மீன்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. காற்றுக் குழாயில் குமிழ் நின்றது. தினமும் இந்த நேரத்தில் போவதுதான். வர மத்தியானம் ஆகும்.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பஷீர், அவள் காற்றுக் கேட்டுப் போய் நின்றதுமே எழுந்துவிட்டார். "தெரியும்மா, உங்க வூட்டு நைனா என்னாண்ட சொல்லிக்கினு இருந்தாரு. கரண்டு பூட்ச்சின்னா லாரி டியூப்பு ஒண்ணு காத்தடிச்சிக் குடுன்னு. அடிச்சி வெச்சி பத்து நாளாவுது. நான்தான் வூட்டாண்ட வர்றதுக்கு பேஜாரா இருந்திச்சி."

இடுப்பு உயர டியூப்பை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். வால்வில் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி, கவ்வி வைத்து இறுக்க, தொட்டிக்குள் மறுபடி குமிழ் ஓடியது. தன் கணவர் வேறு வீடுகளிலும் கடைகளிலும் இந்தத் தொட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

கடைசிக் கேனில் கிளாத்தி மீன் இருந்தது. உள்ளங்கை அகலம், முதுகில் ஒரு முள். அதையும் விட்டாள். லியோனார்ட் கைகளைத் துடைத்துக்கொண்டு, அவள் போட்ட சோற்றைத் தின்று, சாயங்கால ரயிலுக்குப் புறப்பட்டான். வாசலில் நின்று, "அண்ணாச்சி ஒரு தடவ பாத்திருக்கலாம்" என்றான். அவள் தலையாட்டினாள்.

அவன் போய் அரைமணியில், பட்டை மீன் ஒன்று வாலில்லாமல் சாய்ந்து மிதந்தது. இன்னொன்றின் துடுப்பு கிழிந்திருந்தது. கிளாத்தி கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது. அப்போதுதான் அவளுக்குக் கேட்டது, முழு வாக்கியமாக: *கிளாத்திய மட்டும் சின்னதுகளோட விடக்கூடாது, அத நடுவுல கண்ணாடி போட்டுத்தான் வைக்கணும்.* அதைச் சொன்ன அன்று அவர் பதிலுக்குக் காத்திருந்து அவளைத் திரும்பிப் பார்த்ததும் நினைவு வந்தது. அவள் குழம்பில் புளி போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. தேவப்பிரியம் உள்ளே வந்து பார்த்துவிட்டு, மெதுவாக வெளியே போய்விட்டார்.

பிறகு வடிகட்டும் பெரிய சல்லடையை எடுத்து, கிளாத்தியோடு ஒரு மணி நேரம் போராடி அதைப் பிடித்தாள். பஷீர் கேனில் கொண்டுபோய்க் கடலில் விட்டு வந்தார். "ஜோரா நீஞ்சிக்கினு போச்சிம்மா" என்றார்.

முதல் வாரத்தில் இன்னும் ஐந்து மீன்கள் செத்தன. பவளத்தில் ஒரு துண்டு வெளுத்துப்போனது. மிச்சம் பிழைத்தன. மீன்கள் வந்த பன்னிரண்டாம் நாள் கடற்பூ விரிந்தது. பட்டை மீன்கள் மூன்றும் அதற்குள் குடிபுகுந்தன. கிழிந்த துடுப்பும் வளரத் தொடங்கியிருந்தது.

தேவப்பிரியம் ஊருக்குப் புறப்படும்போது ஒருமுறை கேட்டார். "வரல்லியா?"

"இல்ல அத்தான். கடையை நானே பாத்துக்கிடுதேன்."

"பயமா இருக்காதா?"

"இருக்கும்" என்றாள்.

கடைக்குப் போய் வந்தாள். சனிக்கிழமைகளில் கட்டுமரக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தால், பழையதைக் கொஞ்சம் இறைத்துப் புதியதை ஊற்றினாள். சாயங்காலங்களில் அவருடைய நாற்காலியில் உட்கார மனம் வராமல் பக்கத்தில் ஒரு மணை போட்டுக்கொண்டாள். மீன்கள் வீட்டை நிறைத்துவிடவில்லை. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் கூடம் எப்போதும்போல் வெறிச்சோடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொடியாக நறுக்கிய இறாலை விரல் நுனியில் வைத்துத் தண்ணீரில் நீட்டினாள். பட்டை மீன்களில் பெரியது தயங்கித் தயங்கி வந்து, விரலிலிருந்தே கவ்விக்கொண்டது. இறகு பட்டது போல இருந்தது.

கையைக்கூடத் துடைக்காமல் தெருமுனைக்குப் போனாள். "பஷீர் பாய், கையிலேருந்து வாங்கித் தின்னுச்சு" என்றாள்.

பஷீர் கடைத் தொட்டித் தண்ணீரில் டியூப்பை முக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சிரித்தார். "அப்டியாம்மா? சந்தோசம்." அதற்குள் யாரோ சைக்கிளோடு வந்து நிற்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். இறால் எப்படி இருந்தது, எந்த மீன், எத்தனை தடவை வந்து திரும்பியது என்றெல்லாம் கேட்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். வெயில் ஏறியிருந்தது. மின்சாரம் போகும் நேரமாகிவிட்டதென்று வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.