கையைக் காட்டுங்கக்கா

முதல் நாலு நிமிடத்தில் அஸ்ஃபியா ஒரு காதணி விழாவையே நடத்தி முடித்துவிட்டாள். வெற்று வெள்ளைத் திரையில் பச்சைக் கரை வந்தது. நடுவில் குழந்தையின் படம் வந்து உட்கார்ந்தது. கீழே தாய்மாமன் தொடங்கிப் பன்னிரண்டு மாமன்மார் வட்டம் வட்டமாக வரிசை கட்டினார்கள். ஃபிளெக்ஸ் பேனர் ரெடி. "அம்புட்டுத்தான்! ஈஸியா இருக்குல்ல?" என்று மைக்கில் கேட்டுவிட்டு நாற்காலியில் பெருமையாகச் சாய்ந்தாள்.

வகுப்பில் அறுபத்து நாலு பேர் என்று திரை ஓரத்தில் எண் காட்டியது. செத்த நேரம் கழித்து சாட்டில் ஒரு வரி ஏறியது. 'அக்கா, இப்ப என்ன நடந்துச்சு?'

அவளுக்கு இது முதல் ஆன்லைன் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்திருந்தாள். வகுப்பை ஏற்பாடு செய்தவர் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கௌதம்ராஜ். ஃபிளெக்ஸ் டிசைன் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர் போட்ட விளம்பரத்தைப் பார்த்து இவளாகப் போய் நின்றாள். டிகிரி இருக்கிறதா என்று கேட்டார். பிளஸ் டூ என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கிளாஸ் எடுத்துப் பாரும்மா. பன்னெண்டரைக்கு முடியுறப்ப ஸ்கிரீன்ல நாப்பது இருந்தா ஞாயித்துக்கிழமை கிளாஸ் ஒனக்கு. இல்லைன்னா மதுரைல எம்.எஸ்.ஸி. முடிச்ச தம்பி ஒருத்தர் இருக்காரு, அவரைக் கூப்பிட்டுக்கிறேன்."

ஆறு வருடமாக ராஜபாளையத்து ஃபிளெக்ஸ் கடையில் வேலை. அவள் செய்த பேனர் தொங்காத தெரு இரண்டு ஊரிலும் கிடையாது. மூலையில் கடைப் பெயர் இருக்கும், அவள் பெயர் இருக்காது. 'அஸ்ஃபியா டீச்சர்' என்று ஒரு ஆள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அதற்காக ஒரு வாரமாகக் குளியலறையில் பேசிப் பழகியிருந்தாள்.

'மேஜிக் ஷோ சூப்பர். கிளாஸ் எப்ப?' என்று இன்னொரு வரி வந்தது. எண் ஐம்பத்தெட்டு ஆனது.

"சரி சரி, மெதுவாப் போவோம். இப்ப போட்டோவை நடுவுல கொண்டு வரணும்னா..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள். நடுவில் கொண்டு வர அவள் என்ன செய்வாள்? விரல் செய்யும். கடையில் மூத்த டிசைனர் ஜோயல் கீபோர்டில் தட்டுவதை, பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் பிடித்த வேலை அது. ஆர்டர் குவியும் முகூர்த்த நாளில் மவுஸைப் பிடித்து மேய்ந்துகொண்டிருந்தால் முதலாளி கத்துவார். அதனால் கோரல் சாஃப்ட்வேரின் மேல் வரிசையில் இருக்கும் மெனுக்களை அவள் ஆறு வருடத்தில் ஒரு நாளும் திறந்தது கிடையாது. இப்போது திறந்தாள். உள்ளே கிடந்த பட்டியலைப் பார்த்ததும் மிரண்டு போய் மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். மவுஸ் அம்பு திரையெல்லாம் திரிந்ததை அத்தனை பேரும் நேரலையில் பார்த்தார்கள்.

நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்று. மதுரைத் தம்பி சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பத்து மூன்றில் எண் நின்றபோது, சேத்தூர் கருத்தையா என்று பெயர் போட்டிருந்த ஒருவர் எழுதினார்.

'அக்கா, நீங்க வேலை செய்யுறது நல்லாத் தெரியுது. கீபோர்டுல எங்க அமுக்குறீங்கன்னுதான் தெரியல. ஸ்கிரீன் போதும், கையைக் காட்டுங்கக்கா.'

கை! அஸ்ஃபியா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "ஒரு நிமிஷம், யாரும் போயிராதீங்க!" என்று கத்திவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

கீழே அவள் அம்மா மெகராஜ் பேகம் குக்கரில் கறியைச் சின்னத் தீயில் ஏற்றிவிட்டு மூடி போட்டுக்கொண்டிருந்தார். பேண்டேஜ் கம்பெனியில் வாரம் ஆறு நாள் துணி சுருட்டும் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு.

"அம்மா, ஒங்க போனைத் தாங்க. நீங்களும் வாங்க!"

"ஏட்டி, அடுப்புல கறி கெடக்கு. மூணு விசில்ல எறக்கலைன்னா குழைஞ்சிரும்!"

"கறியை நான் பாத்துக்கிறேன், வாங்கம்மா!"

அம்மாவின் போனையும் அதே வகுப்பில் சேர்த்ததும் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிட்டன. "அல்லாவே!" என்று மெகராஜ் பேகம் போனை விடப் பார்த்தார். அஸ்ஃபியா பாய்ந்து போன் சத்தத்தை அடைத்தாள். பிறகு அம்மாவை ஸ்டூலில் ஏற்றி, போனைக் கீபோர்டுக்கு நேர் மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எண் முப்பத்து நாலு ஆனது. பக்கத்துச் சிறு கட்டத்தில் இரண்டு கையும் பத்து விரலும் பளிச்சென்று தெரிந்தன.

'ஆங்! இது கிளாஸ்!' என்றார் கருத்தையா.

"இப்பப் பாருங்க. போட்டோவைத் தொட்டுட்டு பி-யைத் தட்டுறேன்." தட்டினாள். ஓரத்தில் கிடந்த படம் பக்கத்தின் நட்டநடுவில் போய் நின்றது.

"அட! தானாப் போயி ஒக்காருது!" என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. கேமரா ஆடியது. "எதைட்டி தட்டுன? திரும்பத் தட்டு."

"கிளாஸ் நடக்குதும்மா, பேசாதீங்க!"

'பெரியம்மா பேசட்டும்,' என்று சாட்டில் எழுதினாள் சுந்தரபாண்டியம் சிவரஞ்சனி. 'எனக்கும் அதே டவுட்டுதான்.'

பிறகு மெகராஜ் பேகத்தை யார் நிறுத்துவது? எதற்கு இரண்டு விரல், எதை முதலில் அமுக்க வேண்டும், எதை விடாமல் பிடிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆங்கில எழுத்தும் அவருக்குப் பழக்கம் இல்லை. ஆகவே அஸ்ஃபியா இடத்தைச் சொல்லிக் காட்டினாள். "கீழ எடது மூலைல இருக்குல்ல, அதான் கண்ட்ரோல். அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எழுத்துகள்ல மேல் வரிசைல நாலாவது, அதான் ஆர். ஒரு வட்டத்தை இழுத்து ஒரு காப்பி எடுத்துட்டு இந்த ரெண்டையும் அமுக்குனா, அதே தூரத்துல அடுத்த மாமன் வந்துருவாரு. அமுக்க அமுக்க வந்துக்கிட்டே இருப்பாரு." இப்படிச் சொல்லித்தர வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. சந்தோஷத்தில் குரல் உச்சத்துக்குப் போயிருந்தது.

சாட் வேகம் பிடித்தது. 'எனக்கு வந்துருச்சுக்கா!' 'எனக்கு மாமன் மேல மாமன் ஏறிட்டாரு, என்ன செய்ய?' ஓடிப்போன கூட்டாளிகளைச் சிவரஞ்சனி வாட்ஸ்அப்பில் திட்டித் திட்டி இழுத்துவந்தாள். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. கீழே குக்கர் கூவியது.

'அக்கா, விசில் ஒண்ணு,' என்று யாரோ கணக்கு வைத்தார்கள். ரெண்டாவதற்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதினார்கள்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அஸ்ஃபியா மாமன்மார் வரிசையை அழித்துவிட்டு, தாய்மாமனின் வட்டத்தை மட்டும் இழுத்து ஒரு காப்பி எடுத்து வைத்தாள். "இனி மிச்சத்தை நீங்க செய்யுங்க பாப்போம்" என்றாள். மூன்றாவது விசில் வீட்டையே எழுப்பியது. சாட் முழுக்க 'கறி! கறி!' என்று ஓடியது. அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே ஓடினாள்.

மாடியில் மெகராஜ் பேகம் மட்டும் ஸ்டூலில் நின்றார். கருத்தையா மைக்கைத் திறந்துவிட்டார். "அக்கா, எனக்கு அடுத்த வட்டம் வர மாட்டேங்குது. எந்த ரெண்டை அமுக்கணும்?"

"அக்கா கீழ போயிருக்கா, தம்பி." மெகராஜ் பேகம் சற்றுத் தயங்கினார். அவர் கம்பெனியில் யாரும் வாயால் சொல்லி வேலை பழக்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தால் வேலை வந்துவிடும். ஒரு மணி நேரமாக மகள் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை விட்டு இறங்கி, போனை வலது கையில் உயர்த்திப் பிடித்தார். "இங்க பாரு. கீழ் மூலைய விடாமப் பிடிச்சுக்க. மேல நாலாவதை..."

இடது சுண்டுவிரல் மூலையில் ஊன்றியது. ஆள்காட்டி விரல் மேலே எட்டித் தட்டியது. திரையில் மூன்றாவது மாமன் வந்து நின்றார். மெகராஜ் பேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி தட்டினார். நாலு, அஞ்சு, ஆறு. நிறுத்த மனம் வரவில்லை.

அஸ்ஃபியா மூச்சிரைக்க மேலே வந்தபோது இருபத்தாறு மாமன்மார் பேனரைத் தாண்டி வெளியே நின்றிருந்தார்கள். சாட்டில் வரிகள் படிக்க முடியாத வேகத்தில் பறந்தன. 'பெரியம்மா மாஸ்!' 'எங்க வீட்டு விசேஷத்துக்கு இன்னும் நாலு மாமன் வேணும்!' கருத்தையா "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று மைக்கிலேயே கத்திக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை. திரை ஓரத்தில் நாற்பது.

நாற்பது! அதே கணத்தில் அந்த நாற்பதில் ஒன்று என்ன என்பதும் அவளுக்கு உறைத்தது. முதலிலிருந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கௌதம்ராஜ் மைக்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், நாப்பதுல ஒண்ணு எங்க அம்மா போனு. கேமராவுக்காகச் சேத்தது. அதைக் கழிச்சா முப்பத்தொம்பதுதான்."

கௌதம்ராஜுக்கு அவரையும் அறியாமல் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. "பாகுந்தி! ரொம்ப பாகுந்திம்மா!" சிரித்துக்கொண்டே தமிழுக்குத் திரும்பினார். "ரொம்ப நல்லாருக்கு! ஒங்க அம்மாவை எதுக்குக் கழிக்கணும்? இந்த நாப்பது பேர்ல முதல்ல பாஸானது அவியதான. அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்துருங்க, டீச்சர்."

அஸ்ஃபியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். மெகராஜ் பேகம் போனை இன்னும் இறக்கவில்லை. இடது கை கீபோர்டை விட்டு நகரவும் இல்லை.

"ஏட்டி, செத்த இரு," என்றார். "இம்புட்டு மாமனையும் அழிக்கிறதுக்கு எதை அமுக்கணும், அதைச் சொல்லு."