டீசல் பில்டருக்குக் காவல்

செங்கல்பட்டில் அருணகிரியின் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்று, பூபாலன் ஒரு டீசல் பில்டரைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் வாங்குகிறவர்கள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"இன்னா அண்ணாத்த, பில்டரு எதுனா பாட்டு பாடுதா?" என்றான் அருணகிரி.

"உள்ள லொடலொடன்னு கீதான்னு பாக்குறேன். உனுக்கு இன்னா நோவுது?"

"புதுசு அண்ணாத்த. அட்டப்பொட்டிய நீதான பிரிச்ச."

"பொட்டி எவன் வோணா ஒட்டுவான். எங்க வூட்டு பொம்பளையே ஒட்டுவா, பசை குடுத்தா."

பூபாலன் மஞ்சள் பையிலிருந்து பழைய பில்டரை எடுத்துப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினார். ரப்பர் வளையத்தை விரலால் தடவினார். வாயைச் சுற்றியிருந்த ஓட்டைகளை எண்ணினார். மரையில் நகத்தை விட்டுச் சுற்றினார். எண்கள் அவருக்குத் தெரியும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் எழுத்துகளைக் கோலம் ஒப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாக இதிலும் அதிலும் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டினாரே தவிர, முகம் தெளியவில்லை.

"இத்த விட சல்லிசா ஒண்ணு தொங்குதே, அது இன்னாது?"

"அது லோக்கல். அதுவும் உன் வண்டியில மரை ஏறும். ஆனா உள்ள கீற காகிதம் வேற. உன்னுது சென்சார் வண்டி. பொடித் தூசி தாண்டிப் போச்சின்னா என்ஜினுக்கு டீசல் பீச்சுற நாசிலு எல்லாம் காலி. மரை ஏறுதேன்னு மாட்டிட்டு அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத."

"அப்ப எவனாச்சும் இந்த நல்லத வித்துட்டு, அந்த டூப்ளிகேட்ட மாட்டி வுட்டான்னா, வண்டி ஓனருக்குத் தெரியாதா?"

"வெளிய இருந்து பாத்தா எப்டி தெரியும்?"

இந்த ஒரு பதிலைக் கேட்கத்தான் அவர் கடைக்கே வந்தது. ஒரு பில்டரை நம்பாமல் இரண்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் சந்தேகம் எல்லாம் ஸ்டான்லியின் மேல். ஸ்டான்லி வேறு யாருமல்ல, அவருடைய ஒரே மகள் வசுமதியின் புருஷன், வீட்டோடு மாப்பிள்ளை. பூபாலனின் பத்துச் சக்கர லாரியை அவன்தான் ஓட்டுகிறான். குவாரியில் கல் ஏற்றி மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் இறக்குவது வேலை. கொஞ்ச நாளாக டீசல் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கேட்டால், "ரோடு போட்டுகினு கீறாங்க மாமா, சுத்திகினு போறோம்" என்கிறான். ரோடு போடுகிறார்களாம்! எந்தத் திருடன்தான் காரணம் இல்லாமல் திருடியிருக்கிறான்?

கடைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பூபாலன் ஒரு பொறி வைத்திருந்தார். தம்முடைய பழைய பச்சைக் கட்டம் போட்ட கைலியில் ஒரு துண்டு கிழித்தார். ஒரு கம்பியை வளையமாக வளைத்து, துணியை உடுக்கைத் தோல் மாதிரி இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஊசி நூலால் தைத்தார். வசுமதி கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து அதை டீசல் டேங்கின் கழுத்துக்குள் இறுக்கி வைத்து மூடியைத் திருகிவிட்டார். டியூப் விட்டு டீசல் உறிஞ்சுகிறவன் துணியைக் குத்தித்தான் உள்ளே போக வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டு வைத்தால் அது பொறியா?

மறு வாரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். துணியும் இல்லை, வளையமும் இல்லை. மாப்பிள்ளை டியூப் விட்டிருக்கிறான், துணியைப் பார்த்து உருவித் தூர எறிந்திருக்கிறான்! பூபாலனுக்கு நெஞ்சு வலித்தது. கூடவே, தாம் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் புதுத் தொல்லை ஆரம்பித்தது. லோடு ஏற்றி மேடு ஏறினால் லாரி இழுக்காமல் நின்றுபோகிறது. ஸ்டான்லி பில்டர் மாற்றினான். மறுபடியும் நின்றது. மறுபடியும் மாற்றினான். டீசல் விற்கிறவன் பில்டரை மட்டும் விட்டுவைப்பானா என்று பூபாலன் கணக்குப் போட்டார். நல்லதை விற்றுவிட்டு டூப்ளிகேட் மாட்டுகிறான். அதை உறுதிசெய்துகொள்ளத்தான் அருணகிரி கடைக்குப் போனார்.

கடைக்குப் போய்வந்த மறுநாள் காலையில், கல் ஏற்றி வாசலில் நின்ற லாரியில் ஸ்டான்லி புதுப் பில்டரை மாட்ட, பூபாலன் தலைமாட்டில் நின்று பார்த்தார். ஸ்டான்லி பழசைக் கழற்றினான். புது ரப்பரில் விரலால் டீசல் தடவினான். கையாலேயே இறுக்கினான். பிறகு கைப்பம்பை அமுக்கி அமுக்கி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினான்.

"அதுக்குள்ள டீசல ரொப்பிட்டு மாட்டுனா இன்னா? நாங்க அப்டித்தான் மாட்டுவோம்."

"அது உங்க காலத்து வண்டி மாமா. இதுல வடிகட்டாத டீசல மேல ஊத்தக் கூடாது. நாசிலு பூடும்."

அருணகிரியும் இதையே சொன்னான். இரண்டு பேரும் கூட்டோ? பூபாலன் யாரும் பார்க்காதபோது, பில்டரின் அடியில் ஆணியால் ஒரு பிறைக் கீறல் போட்டார். இனிமேல் மாற்றினால் மாட்டிக்கொள்வான்.

பிறகு லாரிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்.

"இந்த வண்டியில டீசல அடைக்கிற கை எவன் கையோ, அந்தக் கை இனிமே இந்த வண்டி மேல படக் கூடாது. ஆத்தா மேல ஆணை!"

"நா கற்பூரம் அடிக்கிற ஆளு இல்ல. சிலுவ போட்டுக்கிறேன்" என்று ஸ்டான்லி நெற்றியைத் தொட்டான். "ஆனா நீ சொன்னது எனக்கும் சம்மதம் மாமா."

வசுமதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, காலங்காத்தால சாபம் வுட்டுகினு கீற? நல்லா கேட்டுக்கோ. இவர் கையில இருந்து சாவிய புடுங்குன, அன்னிக்கே நாங்க கெளம்பிடுவோம். நாவலூர்ல ஆபீஸ் பஸ் ஓட்ட கூப்டுகினேதான் கீறாங்க. படூர்ல வூடு கூட பாத்துட்டோம்."

வீடு கூடப் பார்த்தாகிவிட்டது. அப்பாவுக்குச் சொல்லவில்லை. பூபாலன் மஞ்சள் பையோடு லாரியில் ஏறி உட்கார்ந்தார். இன்றைக்குக் கூடவே போய்ப் பார்த்துவிடுவது. கையும் களவுமாகப் பிடித்தால் சாவி அவர் கைக்கு வந்துவிடும். மகள் போவதென்றால் போகட்டும். அப்படித்தான் நினைத்தார். நினைத்ததும் வாசற்படியில் நின்ற மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வழியில் ஒரு பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரி ஊருக்குள் புகுந்து, ஏரிக்கரையைச் சுற்றி, வெகுநேரம் ஊர்ந்துதான் வெளியே வந்தது. பூபாலன் அதைப் பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மேட்டில் லாரி திணறியது. ஸ்டான்லி மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. ஓரங்கட்டியதும் என்ஜின் தானாகவே நின்றது.

பூபாலன் பாய்ந்து இறங்கினார். கீழே குனிந்து பில்டரின் அடியைத் தடவினார். பிறைக் கீறல் விரலில் இடறியது. அவர் வாங்கிக் கொடுத்த அதே பில்டர். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இதான் மாமா பேஜாரு" என்றான் ஸ்டான்லி, அவர் எதைத் தடவினார் என்று கேட்காமல். "சித்த நேரம் நிறுத்திப் போட்டா சரியாவுது. மேடு ஏறுனா திரும்பவும் அடைச்சிக்குது."

"பில்டரு நல்லா கீதுன்னா, அப்ப டீசல்ல நீ எத்தயோ கலந்துகீற."

ஸ்டான்லி ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பினான்.

"நானா? இத்தினி நாளா வாய தொறக்காம இருந்தேன். நீதான் மாமா கலக்குற! மீன்காரங்ககிட்ட, கடல்ல போற போட்டுக்கு ஊத்தற டீசல சல்லிசா வாங்கி, நா தூங்கும்போது டேங்க்ல ஊத்துற."

"இன்னாது?"

"நீ டேங்க் மூடிய தொறந்து டார்ச் அடிச்சத வசு பாத்துட்டா. மாமனாராச்சேன்னு எப்டி கேக்கறது? அதான் அடைக்க அடைக்க பில்டர மாத்திகினு கெடந்தேன்."

ஆயுசு முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவரை ஒருத்தன் சந்தேகப்பட்டான் என்பது இதுதான் முதல் தடவை. அது இப்படி எரியும் என்று அவருக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் லாரி மறுபடி கிளம்பியது. பூஞ்சேரி வந்து மாரியின் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார்கள். மாரி குப்பத்துக்காரன். கடலில் போகிற போட்டு என்ஜினும் பார்ப்பான், தரையில் ஓடுகிற லாரியும் பார்ப்பான். நடந்ததைக் கேட்டதும் பில்டரைக் கழற்றி, தகட்டை ரம்பத்தால் சுற்றி அறுத்தான். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைப் பிரித்து வெயிலில் விரித்தான். தூசி அதிகம் இல்லை. ஆனால் மடிப்புகளில் மெல்லிய நூல்கள் ஒட்டியிருந்தன. பச்சை நூல்கள்.

"மச்சான், இது வலை நூலு இல்ல" என்றான் மாரி ஸ்டான்லியிடம். "கைலி நூலு. டேங்க்ல துணி கெடக்குது. வண்டி இழுக்கும்போது குழா வாயில போய் அப்பிக்கும். நிறுத்துனா வுழுந்துடும். போட்டுலயும் இப்டி ஆவும்."

பூபாலன் கிழக்கே, கடல் இருக்கிற திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

மாரி டீசலை டிரம்மில் வடித்துவிட்டு, நீளமான கொக்கிக் கம்பியை டேங்கின் வாய்க்குள் விட்டுத் துழாவினான். கெண்டை மாட்டிய தூண்டில்காரன் மாதிரி முகம் மலர்ந்தது. வெளியே இழுத்தான். கம்பி வளையம். அதில் சொதசொதவென்று தொங்கும் பச்சைக் கட்டத் துணி.

"அட, உடுக்க! எவனோ குந்திகினு பொறுமையா தையல் போட்டுகீறான் பாரு."

பூபாலன் அதைப் பிடுங்கிப் பார்த்தார். ஓரங்கள் நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தன. நடுவில் ஓட்டை இல்லை. எந்த டியூபும் அதைக் குத்தவில்லை. ஒரு பக்கம் வளையம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

"கிழியலியே..." என்றார் தமக்குள்.

"எப்டி கிழியும் பெருசு? பங்க்ல டீசல் போடற குழா, அந்த கன்னு, அத்த உள்ள வுட்டிருப்பான். அது முட்டி, அப்டியே மொத்தமா உள்ள தள்ளிகீது." மாரி சிரித்தான். "டேங்க் வாயில துணிய கட்டிட்டு, டீசல காது வழியா ஊத்துவாங்கன்னு நெனச்சான் போல, இத்த வச்ச மகராசன்!"

ஸ்டான்லி சிரிக்கவில்லை. அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தான். அவன் வீட்டுக் கொடியில் தினமும் பார்த்த கட்டம்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான். பூபாலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டேங்கைக் கழுவி, மஞ்சள் பையில் இருந்த இரண்டாவது பில்டரை ஸ்டான்லி மாட்டினான். டீசலை வடிகட்டி ஊற்றி, கைப்பம்பை அமுக்கினான். லாரி ஒரே பிடியில் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் மாமனாரைக் காணோம். அவர் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகச் சாலை ஓரத்தில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

லாரி அவர் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்டான்லி உள்ளே இருந்தபடியே சாய்ந்து, இடப்பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எங்க மாமா போற? ஏறு."

"நா பஸ்ல போறேன்."

"இன்னாத்துக்கு?"

"ஆத்தா மேல ஆணை வச்சிட்டேன். கை படக் கூடாது."

பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஸ்டான்லி அவர் பக்கம் கையை நீட்டினான்.

"கைதான படக் கூடாது? கால வையி. கைய எங்கிட்ட குடு."

பூபாலன் அவனை மேலும் கீழும் பார்த்தார். இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று தேடினார். கிடைக்கவில்லை. படியில் காலை வைத்துக் கையை நீட்டினார். மாப்பிள்ளை பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, அவர் மடிக்குக் குறுக்கே சாய்ந்து கதவையும் தானே சாத்தினான்.

பூபாலன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். லாரி பட்டறைகள் இருக்கும் தெருவுக்குத் திரும்பியது. உளிச் சத்தம் கேட்டது.

"நாவலூர்க்காரன் சாயங்காலம் போன் பண்ணுவான் மாமா. இன்னா சொல்லட்டும்?"

"வர முடியாதுன்னு சொல்லு. இந்த வண்டியத் தொட எங்க வூட்ல வேற கை இல்லன்னு சொல்லு."

ஸ்டான்லி தலையாட்டினான். கொஞ்ச தூரம் போனதும் பூபாலன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, அந்த பங்க்காரன்... கன்னு முட்டும்போது அவனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? எனுக்கு அவன் மேலதான் டவுட்டா கீது."