ஓரத்து ரீப்பர்

"இல்லடீ வாணி, மூணு தடவ எண்ணிட்டேன். எமன்லதான் வந்து நிக்குது."

ஒச்சம்மாள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் இன்னும் ஓடு ஏறவில்லை. ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டங்கள், அந்த ரீப்பர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. உச்சியில் தொடங்கி இந்திரன், எமன், ராஜா என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு வந்தால், கடைசிச் சட்டம் எமனில் முடியக் கூடாது. அவள் வீட்டு வழக்கம் அப்படி.

தமிழ்வாணியும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்; எமன்தான். காளவாசல் தாண்டி உசிலம்பட்டி ரோட்டோரம் அவள் கட்டுகிற இந்த மெஸ்ஸே, அத்தை ஒச்சம்மாளின் கறிக்குழம்பை நம்பித்தான். வாணிக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது.

"எமனுக்குக் கீழ நின்னு நான் கரண்டி பிடிக்க மாட்டேன், ஆமா."

"விருமாண்டி அண்ணே, இன்னொரு ரீப்பர் சேத்து அடிச்சிருங்களேன்!"

கூரைமேல் இருந்த தச்சர் விருமாண்டி, பல்லில் கடித்திருந்த ஆணியைக் கையில் எடுத்தார். "எங்கிட்டு அடிக்க? ஓட்டுக்குப் பின்னாடி மூக்கு இருக்குல்ல, அது ரீப்பர்ல மாட்டணும். இடைவெளிய மாத்துனா அம்புட்டு ஓடும் சறுக்கி, உங்க அத்த குழம்புலதான் விழும்."

வாணி விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். கூரையின் விளிம்பு கண்ணுக்கு நேரே வந்ததும் நின்றாள். அங்கே ஒரு ரீப்பரின் முதுகில் இன்னொன்று அடித்திருந்தது.

"இது எதுக்குண்ணே ரெட்டையா?"

"மத்த ஓடெல்லாம் கீழ்வரிசை ஓட்டு மேல சாஞ்சுக்கும். ஓரத்து ஓட்டுக்கு அடியில என்ன இருக்கு? ஒசரம் குடுக்கலேன்னா தல கவுந்துரும்."

ஏணி ஆடியது. மேலே நின்றபடியே வாணி சந்தோஷத்தில் குதித்தாள். "அத்தே! கீழ இருந்து பாத்தா ஒண்ணாத் தெரியுது. இது ரெண்டு! எமனுக்கு அடுத்து ராஜா!"

"போடீ இவளே. சேத்து ஒரே ஆணில அடிச்சா அது ஒண்ணுதான்."

"அறுத்து வாங்குனது ரெண்டு அத்தே!"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஒச்சம்மாளே தீர்ப்பை ரோட்டுக்கு விட்டாள். "இந்தப் பக்கம் வர்ற மூணு பேரக் கேளு. அதுல ரெண்டு பேரு உன் பக்கம் பேசுனா அடுப்படிக்கு வாரேன். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்க."

முதலில் வந்தவர், ஆட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போன நல்லகாமன். "ரெண்டுதான். சினை ஆட்ட ஒத்த ஆட்டு வெலைக்கா குடுக்குறோம்?"

வாணி விசிலடித்தாள்.

அடுத்து ஸ்கூட்டியில் ஹம்சவேணி. வில்லாபுரத்தில் தறி வைத்திருப்பவர். வண்டியை நிறுத்தி நிதானமாகப் பார்த்தார். "ரெண்டு இழைய முறுக்கி ஓட்டுனா நாங்க ஒண்ணுன்னுதாம்மா எண்ணுவோம்."

"கேட்டியா!" என்றாள் ஒச்சம்மாள். ஆனால் கிளம்பிவிடவில்லை, அவளும் ரோட்டையே பார்த்தாள். விருமாண்டி ஏதோ சொல்ல வாயெடுக்க, "நீ பேசாத, அடிச்ச ஆளே நீதான்" என்று அடக்கினாள்.

மூன்றாவதாக அந்த வழியே வருவது நீங்கள்தான். வாணி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள்.

"கொஞ்சம் நில்லுங்க, மேல பாருங்க! அந்த ஓரத்து ரீப்பர் ஒண்ணா, ரெண்டா? நீங்க என்ன சொல்றீங்க?"