நீங்கதானா?

தங்கைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அவளுடைய அண்ணன், ஆர்டர் எடுக்கும் பெண்ணை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். காலையில் யாரோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஆஸ்பத்திரி ஆர்டர்களை அழித்துவிட்டிருந்தார்கள்.

"எல்லாம் உன் அஜாக்கிரதை. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடியது.

எங்கோ ஒரு கூட்டத்தில் 'ஜீரோ டிரஸ்ட்' என்று கேட்டுவிட்டு வந்து குதித்தவரே அண்ணன்தான். உள்ளே இருப்பவர், பழகியவர் என்று யாரையும் நம்பக் கூடாது, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதும் அவரவர் போனில் "நீங்கதானா?" என்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் தங்கை மண்டையை உடைத்துக்கொண்டு அதை அமைத்தாள். கிடங்கு ஆட்கள் பெட்டியைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, முணுமுணுத்தபடியாவது 'ஆமாம்' என்று அமுக்கினார்கள். அண்ணனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "என்னையே சந்தேகப்படுறியா?" என்று எகிறினார். பிறகு அடங்கிவிட்டார். பழகிவிட்டது போலும் என்று அவளும் நம்பித் தொலைத்தாள்.

"நீ ஒழுங்கா இருந்திருந்தா திருடன் எப்படி வருவான்?" அண்ணன் மேஜையைத் தட்டினார்.

அப்போது வாசலோரம் நின்ற கார் டிரைவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திரையைக்கூடப் பார்க்காமல் எடுத்து அமுக்கிவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டார். அடுத்த நொடி, முதலாளி கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டதாகத் தங்கையின் லேப்டாப் சொன்னது. முதலாளியோ அவள் எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டிரைவரண்ணே, அது யார் போன்?"

"ஐயாவோடதும்மா. அதிர்ந்தா 'ஆமாம்'னு அமுக்கச் சொல்லியிருக்கார்."

அண்ணன் டிரைவர் மேல் பாய்ந்தார். "உன்னை நம்பித்தானேய்யா குடுத்தேன்!"

"அவரை ஏன் திட்டுறீங்க?" தங்கை ஆத்திரத்தோடு குறுக்கிட்டாள். "எங்க எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லிட்டு, உங்க சாவியை இன்னொருத்தர் பையில போட்டு வச்சிருக்கீங்க. அந்த வழியாத்தான் திருடன் வந்திருக்கான். வெக்கமா இல்ல? இந்தப் பொண்ணு நாளைக்கும் வேலைக்கு வருவா. மொதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

பேசிக்கொண்டே லேப்டாப்பில் அண்ணனுடைய நுழைவை அடியோடு பூட்டினாள்.

"ஏய், பூட்டாதே! இது என் கம்பெனி!"

"தெரியும்ணா. உள்ள வர்றது நீங்கதானான்னுதான் தெரியல."